மூன்றாவது இழுப்பறையில் தொண்ணூறு நாள்

மனநிலை ஆய்வுப் பிரிவில் முப்பத்தோராண்டுகள் முதுநிலைச் சமூகப் பணியாளராகப் பணியாற்றி இன்று விடைபெறும் எங்கள் பெரியக்காவுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உவந்தளிக்கும் பாராட்டு மடல்

ஏற்றத்தில் ஏமாறாதவரே! இறக்கத்தில் இடம் பெயராதவரே! கேட்டாலும் கிடைக்காததைக் கேட்டுக் கேட்டே பெற்றவரே! கிடைத்ததையும் கேள்வி கேட்காமல் கைநீட்டி வாங்காதவரே! நீட்டிய காசோலையை மடித்து வைத்துவிட்டு நீட்டியவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தவரே! மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் அதையே தேடிய எங்கள் முதன்மையே! வணக்கம்.

இந்த இடத்தில் கருணைக் கடலே என்றும் பொறுமை மலையே என்றும் விளிப்பதுதான் வழக்கம். எங்களில் பாதிப் பேர் கல் சுமந்த வீட்டிலும் மூட்டை தூக்கிய வீட்டிலும் பிறந்தவர்கள். மலை என்றால் உடைக்க வேண்டிய கல்தான் எங்கள் கண்முன் வருகிறது. ஆகையால் உங்களை மலையென்று சொல்ல மனம் வரவில்லை. மலைக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு நிற்கும். நீங்கள் நின்றது தெரிந்து நின்ற நிலை.

மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி, நீராவியில் எந்நேரமும் வியர்த்துக்கொண்டிருக்கும் சுவருக்குப் பின்னால், இரண்டு அறையும் பதினொரு நாற்காலியுமாக இருந்தது நம் பிரிவு. இருமுனைக் கோளாறு என்று ஏட்டில் எழுதுவோம். வருகிறவர்கள் ‘ஏத்த இறக்கம்’ என்பார்கள். ஏற்றத்தில் உலகமே தன் உள்ளங்கையில் இருக்கிறது என்று தூங்காமல் திரிகிற மனிதர், இறக்கத்தில் தன் உள்ளங்கையைத் தூக்கவும் தெம்பில்லாமல் கிடப்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சமதளத்தை ஒவ்வொருவருக்கும் தேடிக் கொடுப்பதே நம் பிழைப்பு. வருகிறவர்களிடம் நீங்கள் முதலில் பெயரைக் கேட்டதில்லை. “நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?” என்றுதான் கேட்பீர்கள். பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், பெயர் மாறாது, தூக்கம் மாறும் என்பீர்கள்.

உங்கள் அருங்குணங்களை ஒன்று, இரண்டு என்று அடுக்கினால் கூட்டம் கொட்டாவி விடும். நீங்களே முதலில் விடுவீர்கள். அதனால் ஒரே ஒரு செய்தியைச் சொல்லப்போகிறோம். பதினான்கு ஆண்டுக்கு முன் நடந்தது. அதில் பாதி உங்களுக்குத் தெரியும். மறுபாதி நம் கொசு அண்ணன் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. இப்போது எங்களுக்கும் தெரியும். அவர் சம்மதத்தோடுதான் இது இந்த மடலில் ஏறுகிறது.

கொசு அண்ணன் யாரென்று இந்த அவையில் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். நம் பிரிவில் ரத்தம் எடுப்பவர். லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ரத்தத்தில் அளவோடு நிற்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். குறைந்தால் பலனில்லை, கூடினால் நஞ்சு. ஊசி போனதும் வந்ததும் தெரியாமல் எடுப்பார் என்பதால், வந்தவர்களே சூட்டிய பட்டம் அது. “கடிச்சது தெரியலையே கொசு!” என்று ஒரு பாட்டியம்மா சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவருடைய தங்கைக்கும் இதே நோய். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவள். நோய் முதன்முதலில் ஏறிய வாரத்தில், நான்கு நாள் கண் மூடாமல் தைத்துவிட்டு, ஐந்தாம் நாள் தன் தையல் இயந்திரத்தைத் தானே தெருவில் இழுத்துக்கொண்டு போய், எதிர்வீட்டுக்காரியிடம் “உனக்குத்தான்டி, வச்சுக்கோ” என்று கொடுத்துவிட்டு வந்தாள். அதைத் திருப்பிக் கேட்க அண்ணன் போனபோது, எதிர்வீட்டுக்காரி இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: “நானா கேக்கல. அவளா கொடுத்தா. கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறது என்ன நியாயம்?” தெரு கூடிவிட்டது. வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, சட்டை கிழிந்து, கடைசியில் இயந்திரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வீடு திரும்பினார். அதற்குப் பிறகுதான் தங்கையை நம்மிடம் அழைத்து வந்தார். அவள் சமதளத்துக்கு வர இரண்டு வருடம் ஆனது. இங்கே ரத்தப் பரிசோதனை இலவசம் என்பதால்தான் அந்த இரண்டு வருடமும் அவர்களுக்குத் தாங்கியது.

அப்படியிருக்க, பதினான்கு ஆண்டுக்கு முன், நமக்கு நிதி கொடுத்து வந்த அறக்கட்டளை கையை விரித்தது. இன்னும் ஐந்து மாதம்; அதற்குப் பின் பிரிவை மூட வேண்டும். ஆய்வுக்காகச் சேர்த்த அறுநூறு பேரின் ஏடுகள் பழைய காகிதக் கடைக்கு. கொசு அண்ணனுக்கு ஏடுகளைப் பற்றிக் கவலையில்லை. தங்கையின் ரத்தத்தை இனி யார் பார்ப்பார்கள் என்பது ஒன்றே அவர் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அந்த நேரம் பார்த்து வந்தார் லாரி முதலாளி. ஆறு வருடமாக நம்மிடம் வருகிறவர், அமைதியான மனிதர், வந்தால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கூப்பிட்டால் எழுந்து வருவார். அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு மூன்று ஓட்டுநர்களோடு வந்தவர் உட்காரவே இல்லை. ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினார். “இந்த ஈரச் சுவத்துக்குள்ள நீங்க உக்காரலாமா? என் லாரி நிக்கிற இடம் முழுக்க உங்களுக்கு. வீடும் உங்களுக்கு. ஏழு மாடி கட்டுங்க. உலகத்துல எவனுக்கு ஏத்த இறக்கம் வந்தாலும் நம்ம வாசலுக்குத்தான் வரணும்!” என்றார். கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் காசோலை ஒன்றும் மேசையில் விழுந்தன. அதில் எத்தனை சுழியம் என்று எண்ணப் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எங்களுக்கெல்லாம் கால் தரையில் இல்லை. கணக்கர் அழுதேவிட்டார். நீங்கள் மட்டும் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். “நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?”

“தூக்கமா? அதெல்லாம் சோம்பேறிங்களுக்குக்கா!” என்று சிரித்தார் முதலாளி.

நீங்கள் நன்றி சொல்லிக் கடிதத்தையும் காசோலையையும் மடித்து, மேசையின் மூன்றாவது இழுப்பறையில் வைத்துப் பூட்டினீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவரிடம் மன்றாடினீர்கள். அவர் நிற்கவில்லை, ஓட்டுநர்களோடு போய்விட்டார். அவர் மனைவிக்கு நீங்கள் அடித்த தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் அடித்தபோதும், எடுத்த ஓட்டுநர்கள் ‘முதலாளி வெளியூர்’ என்று வைத்துவிட்டார்கள்.

அதன்பின் அறைக்குள் நடந்த பேச்சு இந்தச் சுவருக்கு இன்னும் நினைவிருக்கும். “வந்த சீதேவியை எட்டி உதைக்கிறீங்களே!” என்றார் கணக்கர். “சட்டப்படி தப்பில்லையேம்மா” என்றார் பெரிய டாக்டர், தயங்கித் தயங்கி. எல்லோரையும் விட உரக்கக் கத்தியவர் கொசு அண்ணன்தான்.

“உங்களுக்கென்னக்கா, மூடினா வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவீங்க. என் தங்கச்சி எங்க போவா?”

நீங்கள் கோபப்படவில்லை. “தம்பி, இதை அவரு கொடுக்கல, அவரோட ஏத்தம் கொடுக்குது. தொண்ணூறு நாள் கிடக்கட்டும். இறங்கி, சமமா நின்னு, தூங்கி எழுந்து, அப்பவும் கொடுக்கணும்னு தோணினா வாங்கிக்குவோம்.”

“மூணு மாசத்துல செக் செத்துப்போகுமே!”

“சாகட்டும். ஆளு உயிரோட இருக்கணும்ல?”

அன்றைக்கு நாங்கள் உங்களுக்கு வைத்த பெயர்களை இந்த மடலில் எழுத முடியாது. கேட்டவற்றில் மிக மென்மையானது ‘இழுப்பறை மகாராணி’.

இனி வருவது உங்களுக்குத் தெரியாத பாதி.

அந்த மேசை கடையிலிருந்து வந்த நாளில் சாவி இரண்டு வந்தது. கையெழுத்துப் போட்டு மேசையை வாங்கி வைத்தவர் கொசு அண்ணன். ஒன்றை உங்களிடம் கொடுத்தார். மற்றதை, எதற்கும் இருக்கட்டுமே என்று தன் ஊசிப் பெட்டியில் போட்டு வைத்தார். எழுபத்தெட்டாம் நாள், நீங்கள் வெளியே போயிருந்த ஒரு மதியம், அந்தச் சாவியால் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தார். கடிதத்தையும் காசோலையையும் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். திட்டம் எளிது. முதலாளி வீட்டுக்குப் போவது. பழைய காசோலை செத்துக்கொண்டிருக்கிறது, புதுத் தேதியில் ஒன்று போட்டுக் கொடுங்கள் என்பது. தனக்காகவா கேட்கிறோம்? ஒரு பைசா தன் பைக்குப் போகப்போவதில்லை. போகிற வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு நடந்தார்.

பத்து லாரி நிற்கிற முற்றத்தில் அன்று மூன்றுதான் நின்றன. வாசற்படியில் முதலாளியின் மனைவி ஒரு பள்ளிக்கூட நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஏற்றத்தில் கணவர் யார் யாருக்கு எதை எதைக் கொடுத்தார் என்று விசாரித்து விசாரித்து எழுதிய நோட்டு. ஓட்டுநர் ஒருவருக்கு லாரி, பெட்ரோல் பங்க்காரருக்கு ஒரு மனை, முடிவெட்டுகிறவருக்குக் கைக்கடிகாரம். கடிகாரம் மட்டும் திரும்பி வந்திருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “கொசுத் தம்பியா? வாங்க. நீங்க எதை எடுத்துக்கிட்டுப் போக வந்தீங்க?”

கேட்ட குரலில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது. கொசு அண்ணன் பதறிப்போய்ச் சொன்னார்: “நானா கேக்கலம்மா. அவரா கொடுத்தாரு.”

சொல்லி முடித்ததும் அவருக்கே காது அடைத்தது. இந்த வாக்கியத்தை இதற்குமுன் எங்கே கேட்டோம்? தையல் இயந்திரத்தின் மேல் ஊன்றிய கை நினைவுக்கு வந்தது. தெருக் கூட்டம் நினைவுக்கு வந்தது. அன்று தன் சட்டையைக் கிழித்துக்கொண்டு யாரிடம் சண்டை போட்டாரோ, அந்த எதிர்வீட்டுக்காரியாகவே இன்று தான் வந்து நிற்பது புரிந்தது. ஒரே வித்தியாசம், அவள் தனக்கென்று பிடித்துக்கொண்டாள். இவர் தங்கைக்கென்று கேட்டார். கொடுத்த வீட்டுக்கு அதிலென்ன வித்தியாசம்?

உள்ளே முதலாளி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். பல நாள் தாடி. மூன்று ஓட்டுநர்களோடு வந்து ஏழு மாடி கட்டிய மனிதர் பாயில் பாதி இடத்தைக்கூட அடைக்கவில்லை. இவர் குரல் கேட்டதும் திரும்பாமலே கையை நீட்டினார்.

“பேப்பரா தம்பி? கொடு, போடுறேன். இருக்கிறதெல்லாம் எடுத்துக்கோ. எனக்கு எதுக்கு?”

அக்கா, அந்தக் கையைப் பாருங்கள். ஏற்றத்தில் ராஜாவாக இருந்ததால் கொடுத்த கை, இறக்கத்தில் ஒன்றுமே இல்லையென்று நினைத்ததால் கொடுக்கத் துடித்தது. இரண்டிலும் அந்த மனிதர் இல்லை. பேனா இவர் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த நிமிடமே கையெழுத்து விழுந்திருக்கும், அவர் நினைப்பில் பிரிவும் பிழைத்திருக்கும், தங்கையும் பிழைத்திருப்பாள்.

பேனாவை எடுக்கவில்லை. எப்போதும் தோளில் தொங்கும் ஊசிப் பையிலிருந்து ரப்பர் பட்டையை எடுத்து, நீட்டிய கையில் கட்டினார். அவருக்குத் தெரிந்த வேலை அதுதானே.

“மாத்திரை சாப்பிடுறாராம்மா?”

“அதெல்லாம் அன்னைக்கே ஜன்னல் வழியாப் போயிடுச்சு தம்பி. டாக்டர்கிட்ட வாங்கன்னா வரமாட்டேங்கிறாரு. யாருகிட்டச் சொல்றதுன்னும் தெரியல. வர்றவங்க எல்லாம் எதையாவது வாங்கத்தானே வர்றாங்க?”

ரத்தத்தில் மருந்து இருக்காதென்று தெரிந்தேதான் எடுத்தார். வாயால் சொன்னால் டாக்டர் நாளைக்குப் பார்ப்போம் என்பார். காகிதத்தில் சுழியம் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார் என்பது அவர் கணக்கு. “ராத்திரி தனியா விடாதீங்கம்மா, கயிறு கத்தியெல்லாம் எடுத்து ஒளிச்சு வைங்க” என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். கடிதத்தையும் காசோலையையும் இருந்த மடிப்பிலேயே மடித்து இழுப்பறையில் வைத்தார். உங்களிடம், “முதலாளியம்மா போன் பண்ணாங்கக்கா, ஆளு ரொம்ப மோசமாம், நான் போயி ரத்தம் எடுத்துட்டு வந்தேன்” என்றார்.

அன்று மாலையே நீங்களும் பெரிய டாக்டரும் போய் அவரை அழைத்து வந்து சேர்த்தீர்கள். அந்தப் போன் வரவே இல்லை அக்கா. அது பொய். பதினான்கு வருடம் அது அவர் நெஞ்சில் கிடந்தது.

பிரிவு எப்படிப் பிழைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் இந்த மடலில் அதற்கு இடமில்லாமல் போகக்கூடாது. நாங்கள் உங்களைத் திட்டிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், நீங்கள் பேருந்து ஏறி மூன்று மருத்துவமனைகளுக்கு நடையாய் நடந்தீர்கள். ஒரே நோயைப் பார்க்கிற மூன்று டாக்டர்கள், ஒருவர் ஏட்டை ஒருவர் பார்க்காமல் இருபது வருடம் ஓட்டியிருந்தார்கள். ஒருவரிடம் ரத்தம் பார்க்கும் இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. “உங்ககிட்ட மெஷின் இருக்கு, எங்ககிட்டக் கொசு இருக்கு” என்று நீங்கள் சொன்னதும் அவர் நாற்காலியிலேயே குலுங்கிச் சிரித்தாராம். இன்னொருவரிடம் காலி அறை இருந்தது. மூன்றாமவரிடம் வாயில்லாத பொறுமையும் ஆயிரம் ஏடும் இருந்தன. ஒரே படிவம், ஒரே கேள்வி, நான்கு இடம் என்று உடன்படிக்கை ஆனது. ஏழு மாடி வந்திருந்தால் நாம் யார் வாசலுக்கும் போயிருக்க மாட்டோம். இல்லாமைதான் நம்மை அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வைத்தது.

எட்டு மாதம் கழித்து லாரி முதலாளி மனைவியோடு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நீங்கள் மூன்றாவது இழுப்பறையைத் திறந்து கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தீர்கள். இரண்டு முறை படித்தார்.

“யாருங்க இந்த ஆளு? கையெழுத்து நம்மளது, ஆளு வேறயா இருக்காரே!”

“ஏழு மாடியாம்ல!” என்றார் மனைவி. மூன்று பேரும் சிரித்தீர்கள். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அக்கா, அன்னைக்கு நீங்க இதை வாங்கியிருந்தா, இறங்கினப்போ எனக்குப் படுக்க ஒரு பாய் இருந்திருக்காது.” கடிதத்தையும் செத்த காசோலையையும் கிழித்துக் கூடையில் போட்டார். பின், மனைவியும் சேர்ந்து கையெழுத்திட, ஒரு சின்ன வண்டியையும் அதற்கு ஓட்டுநரையும் கொடுத்தார். நான்கு மருத்துவமனைக்கும் ரத்தக் குப்பிகளைப் பனிப்பெட்டியில் வைத்துச் சுமக்கிற அந்த வண்டி இன்றும் வாசலில் நிற்கிறது. பெட்டிகளுக்கு உறை தைப்பவள் கொசு அண்ணனின் தங்கை. எதிர்வீட்டிலிருந்து திரும்பி வந்த அதே இயந்திரத்தில்.

முதலாளியைப் பார்த்து மற்றக் குடும்பங்களும் கொடுக்க வந்தன. கொடுக்க வந்தவர்களைத் தொண்ணூறு நாள் காக்க வைத்த பிரிவு வேறெங்காவது இருக்குமா, தெரியாது. காத்திருந்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் இன்றுவரை போகவில்லை. ஆய்வில் ஆயிரத்து எழுநூறு பேர் ஆனார்கள். ஏற்றம் வருவதை முதலில் கண்டுகொள்வது டாக்டரல்ல, வீட்டிலிருப்பவர்தான் என்று நம் நான்கு இடத்து ஏடுகளும் சொல்லின. அதனால்தான் வீட்டார் கூப்பிட்டதும் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வழக்கம் பிறந்தது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பாதி என்று எழுதினால் எடுப்பாக இருக்குமே என்று ஒருவர் சொன்னபோது நீங்கள் பார்த்த பார்வையில் அவர் மூன்று நாள் எங்கள் பக்கம் வரவில்லை.

ஒன்று மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. முதலாளியை அழைத்து வந்த மறுவாரமே, வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்கும் வேலையை நீங்கள் கொசு அண்ணனிடம் கொடுத்தீர்கள். “ஏன்க்கா நானு?” என்று அவர் கேட்டதற்கு, “கையை நீட்டினவங்ககிட்ட என்ன கேக்கணும்னு உங்களுக்குத்தான் தம்பி தெரியும்” என்றீர்கள். அன்றே எல்லாம் தெரிந்துதான் சொன்னீர்களா? தெரிந்திருந்தால், எங்களைவிட நன்றாக ஒரு ரகசியத்தைக் காத்தவர் நீங்கள். தெரியாதிருந்தால், இதோ தெரிந்துகொள்ளுங்கள். திட்டுவதாக இருந்தால் தேநீருக்குப் பிறகு திட்டுங்கள்.

கடைசியாக, இந்த மடலைப் பற்றி. உங்கள் ஓய்வு ஆணை வந்த நாளில், எல்லோரும் கண் கலங்கி, ஒரே மூச்சில் இதை எழுதினோம். பத்தொன்பது விளிகள் இருந்தன. படித்துப் பார்த்த கணக்கர்தான் சொன்னார்: “இதுவும் ஏத்தத்துல எழுதினதுதானே? தொண்ணூறு நாள் கிடக்கட்டும்.” உங்களுக்குத் தெரியாமல், உங்கள் மேசையிலேயே, இப்போதெல்லாம் நீங்கள் பூட்டாத மூன்றாவது இழுப்பறையின் அடியில், பழைய படிவக் கட்டுக்குக் கீழே வைத்தோம். நேற்று நீங்கள் வீட்டுக்குப் போனதும் எடுத்தோம். நன்றாகத் தூங்கி எழுந்து இன்று காலை படித்தோம். பதின்மூன்று விளிகளைச் சிவப்பு மையால் அடித்தோம். ஆறு நின்றன. அவற்றில் ஒன்று மூக்குக்கண்ணாடியைப் பற்றியது. கொசு அண்ணன் தன் பங்கைச் சொன்னதும் இன்று காலைதான். அது ஏற்றத்தில் வந்ததல்ல, பதினான்கு வருடம் ஊறியது என்பதால் அதற்குத் தொண்ணூறு நாள் தேவைப்படவில்லை.

பெரியக்கா! நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது எங்களுக்கு எளிது. வாழ வேண்டியவர் நீங்கள். ஆகையால் எங்களால் ஆனதை வாழ்த்துகிறோம். படுத்ததும் உறக்கம் வரட்டும். விடியும்வரை அது கலையாதிருக்கட்டும். மூட்டு வலி முன்வாசல் வழியாக வந்தாலும் பின்வாசல் வழியாகப் போகட்டும். கண்ணாடி நெற்றியிலேயே கிடைக்கட்டும். நாளைக் காலை பத்து மணிக்கு இங்கிருந்து ஒரு போன் வரும், எடுங்கள். நாங்கள் நலம் கேட்க மாட்டோம். நீங்கள் ஆயிரத்து எழுநூறு பேரிடம் கேட்ட அந்த ஒரே கேள்வியைத்தான் உங்களிடம் கேட்போம். உண்மையைச் சொல்ல வேண்டும்.

என்றும் உங்கள் வழியில்,
பெரிய டாக்டர், கணக்கர், செவிலியர் மூவர், ஏடு காப்பவர், வண்டி ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் இருவர், ரத்தம் எடுப்பவர்
மனநிலை ஆய்வுப் பிரிவு

இணைப்பு: மூன்றாவது இழுப்பறையின் இரண்டாவது சாவி.